மாரிச் சேற்றுக்கும் உகந்தை மணலுக்கும்: கெப், ஜீப் வாகனங்களுக்கு ரிம், டயர் அளவு பார்ப்பது எப்படி

மட்டக்களப்பின் செங்கலடியில் ஏ5 வீதியில் ஏறி, கரடியனாறு தாண்டி உள்ளே திரும்பும் ஒரு கெப் (பிக்கப்), ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று நிலங்களை மிதிக்கிறது. முதலில் தார், பிறகு கிரவல், கடைசியில் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) களிமண். பொத்துவில் தாண்டி பாணமை, உகந்தை என்று போகிறவர்களுக்கு மணலும் சேர்ந்துகொள்ளும். இந்த நான்குக்கும் வாகனத்தில் இருப்பது ஒரே வகை டயர்கள்தான்.

அதனால் "எவ்வளவு பெரிய டயர் போடலாம்" என்று கேட்டுக்கொண்டு டயர்க்கடைக்குப் போகாதீர்கள். வேலையைச் செய்து முடிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு எது என்று கேளுங்கள். பார்க்க வேண்டிய வரிசையும் உண்டு: முதலில் காற்று, இரண்டாவது டயரின் பல், மூன்றாவது உயரம், கடைசியில்தான் அகலம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அகலமான டயரும் வெளியே தள்ளிய ரிம்மும் வாங்கி, மட்காட்டில் உரசி, பெயாரிங் போய், கடைசியில் காற்றைக் குறைத்திருந்தாலே வாகனம் வெளியே வந்திருக்கும் என்று தெரிந்துகொள்கிறார்கள்.

எந்த நிலத்தில், எந்தச் சுமையோடு

ஒரு தாளில் இரண்டு விடயங்களை எழுதுங்கள். ஒன்று, வாகனம் வருடத்தில் ஓடும் தூரத்தில் தாருக்கும் கிரவலுக்கும் சேற்றுக்கும் மணலுக்கும் எவ்வளவு போகிறது என்பது. மற்றது, பின்னால் ஏற்றும் ஆகக்கூடிய பாரம். சேற்றில் ஓடுவது பத்தில் ஒரு பங்குகூட இல்லாத வாகனத்துக்குச் சேற்று டயர் போட்டால், மீதி ஒன்பது பங்கிலும் சத்தம், எரிபொருள் செலவு, மழையில் பிறேக் பிடிக்காத ஆபத்து மூன்றையும் சுமக்க வேண்டிவரும்.

படுவான்கரை வட்டைகளில் மாரி காலத்துச் சிக்கல் சேறு மட்டுமல்ல, உழவு மெஷின் போன தடம். மெஷினின் பெரிய சில்லு இரண்டு பக்கமும் ஆழமாக வெட்டிப் போட, நடுவில் மண் மேடாக நிற்கும். அந்தத் தடத்துக்குள் இறங்கும் கெப்பின் பின் அச்சு நடுவே தொங்கும் டிபரன்சியல் பெட்டி அந்த மேட்டில் குந்திவிடும். குந்திய பிறகு நான்கு சில்லும் சுற்றினாலும் வாகனம் அசையாது. பின் அச்சின் அடியை உயர்த்த டயரின் உயரத்தால் மட்டுமே முடியும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் பொடியும் சேசியும் உயரும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும்.

அடியில் கெட்டி மண் உள்ள வயற்சேற்றில் ஒடுக்கமான உயர்ந்த டயர்தான் நல்லது. மேலே உள்ள குழம்பை வெட்டி இறங்கி அடியில் பிடித்துக்கொள்ளும். அகலமான டயர் குழம்பின் மேல் மிதந்து வழுக்கும். அடியே இல்லாத களப்போரச் சதுப்பு என்றால் கதை வேறு. அங்கு எந்த டயரோடும் இறங்காமல் இருப்பதே புத்தி.

மணலில் நிலத்தோடு படும் பரப்புத்தான் எல்லாம். அந்தப் பரப்பு அகலமான டயரால் கூடுவதைவிட, காற்றைக் குறைப்பதால் பல மடங்கு கூடும். காற்று குறையும்போது டயரின் தடம் அகலத்தில் கொஞ்சமும் நீளத்தில் அதிகமும் வளரும். நீண்ட தடம் மணலை முன்னால் தள்ளிக் குவிக்காமல் மேலே ஏறி உருளும்.

குடும்பிமலை, புல்லுமலைப் பக்கத்துக் கல் நிலத்தில் அடி வாங்குவது டயரின் பக்கச்சுவர். அங்கே அளவைவிட டயரின் வலிமைதான் முக்கியம்.

டயரில் எழுதியிருப்பதை வாசித்தல்

265/65ஆர்17 112எஸ் என்று ஒரு டயரில் இருக்கிறது. 265 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், ஆனால் மில்லிமீற்றரில் அல்ல. அகலத்தில் 65 வீதம். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்கு இப்படி:

பக்கச்சுவர்: 265 × 0.65 = 172 மி.மீ.
ரிம்: 17 × 25.4 = 432 மி.மீ.
முழு உயரம்: 172 + 432 + 172 = 776 மி.மீ.

இந்தக் கணக்கைக் கைத்தொலைபேசியில் நீங்களே போடப் பழகுங்கள். கடையில் "இதுவும் அதே அளவுதான்" என்று சொல்லப்படும் டயர் உண்மையில் அதே உயரமா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். 265/70ஆர்16, 265/65ஆர்17, 265/60ஆர்18 மூன்றும் முறையே 777, 776, 775 மி.மீ. உயரம் ஒன்றே. பக்கச்சுவர் மட்டும் 186, 172, 159 என்று குறைகிறது. ரிம் பெரிதாகப் பெரிதாக ரப்பர் குறையும். கிரவல் குழியில் அடி வாங்க ரப்பர் குறைந்தால் ரிம் வளையும். காற்றைக் குறைத்து மணலில் இறங்கவும் அந்த உயரம் வேண்டும். எனவே எங்கள் பக்கத்து நிலத்துக்கு 18 அங்குல ரிம்மைவிட 16 அல்லது 17 நல்லது. ஆனால் ரிம்மைச் சிறிதாக்க முன் பிறேக் கலிப்பர் இடம் விடுமா என்று ஒரு ரிம்மைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பெரிய டிஸ்க் உள்ள புதிய கெப்களில் 16 ஏறாமல் போகலாம்.

31×10.50ஆர்15 என்று அங்குலத்தில் எழுதியிருந்தால் 31 முழு உயரம் (787 மி.மீ.), 10.50 அகலம், 15 ரிம். பழைய டிஃபென்டர்களில் வரும் 7.50ஆர்16 டயருக்கு இன்றைய எழுத்தில் நெருங்கிய அளவு 235/85ஆர்16, ஏறக்குறைய 806 மி.மீ.

கடைசியில் உள்ள 112 என்பது சுமைக் குறி. ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900, 108 என்றால் 1000, 116 என்றால் 1250, 121 என்றால் 1450. எஸ் என்பது வேகக் குறி, மணிக்கு 180 கி.மீ. கியூ என்றால் 160, ஆர் என்றால் 170.

சுமைக் குறியை அலட்சியம் செய்யாதீர்கள். 50 கிலோ பசளை மூட்டை இருபது ஏற்றினால் ஒரு தொன். அந்த ஒரு தொன் ஏறக்குறைய முழுவதும் பின் அச்சில்தான் உட்காரும். பாரம் ஏற்றிய வாகனத்தின் பின் அச்சில் 1700 கிலோ என்று வையுங்கள். ஒரு டயருக்கு 850. கிரவலில் ஒரு பக்கம் சரிந்து போகும்போது ஒரு டயரில் அதைவிடக் கூடும். அதற்கு மேல் இருபது வீதமாவது மிச்சம் வைத்தால் 1020 கிலோ, அதாவது 109க்குக் குறையாத டயர். ஜீப் டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று 100 குறி உள்ளதை நெல் ஏற்றும் கெப்புக்குப் போடுவது, வெயில் காலத்தில் ஏ4 வீதியில் டயர் வெடிப்பதற்கு வழி.

எவ்வளவு உயர்த்தலாம்

கம்பனி அளவிலிருந்து மூன்று, மூன்றரை வீதம் வரை உயர்த்துவது பெரும்பாலான கெப்களில் வேறு வேலை இல்லாமல் முடியும். மீற்றர்கள் பொதுவாக உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பதால் வேகம் காட்டுவதிலும் பெரிய குழப்பம் வராது. ஐந்து வீதத்தைத் தாண்டினால் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் வேறெங்கோ விலை கொடுக்க வேண்டும்.

776 மி.மீ. டயர் உள்ள டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொள்வோம்.

265/70ஆர்17 போட்டால் 803 மி.மீ., 3.4 வீதம் கூடுதல். அச்சின் அடி உயர்வது இதில் பாதி மட்டுமே, 13 மி.மீ. மீற்றர் 100 காட்டும்போது உண்மை வேகம் 103.

285/65ஆர்17 போட்டால் 802 மி.மீ. முன்னதே உயரம், 20 மி.மீ. அகலம் கூடுதல். நிலத்திலிருந்து ஒரு மி.மீ.கூடக் கூடுதலாக எழும்பவில்லை. உரசும் இடம்தான் கூடியது. பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்பதைத் தவிர வேறு ஆதாயம் இல்லை.

285/70ஆர்17 போட்டால் 831 மி.மீ., 7 வீதம் கூடுதல். அடி 27 மி.மீ. உயரும். ஆனால் மீற்றர் 100 காட்டும்போது நீங்கள் 107இல் போகிறீர்கள். எல்லாக் கியரும் 7 வீதம் நீண்டுவிட்டது போல இழுவை குறையும். பிறேக் அதே பிறேக்தான். நிறுத்த வேண்டிய சில்லு உயரத்திலும் எடையிலும் கூடிவிட்டது. கம்பனி 265/65ஆர்17 ஒன்று 15 முதல் 17 கிலோ வரை இருக்கும். வலிமை கூடிய 285/70ஆர்17 சுமார் 25 கிலோ. நான்கு மூலையிலும் எட்டு, பத்து கிலோ ஏறினால் சொக்கப்சோபர், போல் ஜொயின்ற், பெயாரிங் எல்லாவற்றுக்கும் ஆயுள் குறையும். முன் சில்லு சேசிக்கும் பொடிக்கும் நடுவே உள்ள மவுண்டிலும் உரசும். அதை வெட்டி ஒட்டாமல் இந்த அளவு பெரும்பாலும் சுகமாக இருக்காது.

எல்200இல் வரும் 245/65ஆர்17 என்பது 750 மி.மீ. அதை 265/65ஆர்17 ஆக மாற்றினால் 776, 3.5 வீதம். அந்த வாகனத்துக்கு இது அளவான ஏற்றம். ஜிம்னியின் 195/80ஆர்15 டயர் 693 மி.மீ.; 215/75ஆர்15 போட்டால் 704, கவலையே இல்லை. பொலேரோவுக்கு வரும் அளவும் அதுதான் என்பதால் தேடியலையத் தேவையில்லை. ஜிம்னிக்குப் பலர் ஆசைப்படும் 235/75ஆர்15 என்பது 734 மி.மீ.; கிட்டத்தட்ட 6 வீதம். சிறிய என்ஜினுக்கு அந்தச் சுமை தெரியும், உயர்த்தும் வேலையும் வேண்டிவரும்.

டயர் மாற்றிய பிறகு "எண்ணெய் கூடக் குடிக்கிறது" என்று முடிவெடுக்க முன், ஓடிய தூரத்தைத் திருத்துங்கள். 7 வீதம் உயர்ந்த டயரில் மீற்றர் 100 கி.மீ. காட்டினால் வாகனம் ஓடியது 107. திருத்திய பிறகும் செலவு கூடியிருந்தால் அதுவே உண்மையான கூடுதல்.

ரிம்: ஐந்து அளவுகள் பொருந்த வேண்டும்

முதலாவது, நட் துளைகளின் வட்டம், கடைக்காரர் பி.சி.டி. என்று சொல்வது. ஹைலக்ஸ், எல்200, பஜெரோ, டி-மேக்ஸ் எல்லாம் 6×139.7. நவாரா பெரும்பாலும் 6×114.3, பார்வைக்கு ஆறு துளை ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஏறாது. ஜிம்னி 5×139.7, பழைய டிஃபென்டர் 5×165.1. ஆறு துளை ரிம்மில் எதிரெதிர்த் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் போதும். ஐந்து துளையில் எதிரே துளை இருக்காது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் நடுத்தூரத்தை அளந்து 1.7ஆல் பெருக்குங்கள். 82 மி.மீ. வந்தால் அது 139.7 வட்டம், 97 வந்தால் 165.1.

இரண்டாவது, நடுத் துளை. ரிம் உட்காரும் ஹப் ஹைலக்ஸில் 106 மி.மீ., எல்200, பஜெரோ 67 மி.மீ. எல்200 ரிம் ஹைலக்ஸில் ஏறவே ஏறாது. ஹைலக்ஸ் ரிம் எல்200இல் ஏறும், ஆனால் நடுவில் ஆடும் இடைவெளி இருக்கும். அப்போது ரிம்மை நடுவில் பிடித்து வைப்பது நட்டின் கூம்பு மட்டுமே. கொஞ்சம் பிசகினாலும் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டேரிங் நடுங்கும். இடைவெளியை நிரப்பும் வளையம் போடுங்கள். நடுக்கத்தை பலன்ஸ் குறை என்று நினைத்துக் கட்டிக் கட்டிப் பார்ப்பது வீண்.

மூன்றாவது, ஓஃப்செட். ரிம்மின் அகலத்தின் சரிநடுவிலிருந்து ஹப்போடு ஒட்டும் முகம் எவ்வளவு வெளிப்பக்கம் இருக்கிறது என்பதே இது. எண் குறையக் குறையச் சில்லு வெளியே வரும். ஹைலக்ஸின் 7.5 அங்குல ரிம்முக்கு +30. அதற்குப் பதிலாக 8 அங்குலம், 0 ஓஃப்செட் ரிம் வாங்கினால் என்ன நடக்கும்? அகலம் கூடியது அரை அங்குலம், பக்கத்துக்கு 6 மி.மீ. ஓஃப்செட் வித்தியாசம் 30. வெளி விளிம்பு 36 மி.மீ. வெளியே போகும், உள் விளிம்பு 24 மி.மீ. சேசியிலிருந்து விலகும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். "வெளியே தள்ளினால் உரசாது" என்பது உள்பக்கத்துக்கு மட்டுமே உண்மை. ஸ்டேரிங்கை முழுதாக ஒடிக்கும்போது வெளியே தள்ளிய சில்லு பெரிய வளைவில் சுற்றும். முன் பம்பர் மூலையிலும் பின் மவுண்டிலும் முன்னைவிட மோசமாக மோதும். பெயாரிங் மேல் நெம்பு கூடும், கிரவலில் ஸ்டேரிங் கையை அடிக்கும், சேறும் கல்லும் கதவில் வந்து விழும். மட்காட்டுக்கு வெளியே துருத்தும் டயரைப் பொலிஸார் நிறுத்திக் கேட்பதற்கும் இடமுண்டு. கம்பனி ஓஃப்செட்டிலிருந்து 15, 20 மி.மீ.க்கு மேல் விலகாதீர்கள். ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையில் ஸ்பேசர் தட்டுப் போடுவதும் அதே நெம்புதான். பாரம் ஏற்றும் வாகனத்துக்கு வேண்டாம்.

நான்காவது, ரிம்மின் அகலம். ஒவ்வொரு டயருக்கும் ஒரு எல்லை உண்டு: 235/75ஆர்15க்கு 6 முதல் 8 அங்குலம், 265/70ஆர்16க்கு 7 முதல் 9, 265/65ஆர்17க்கு 7.5 முதல் 9.5, 235/85ஆர்16க்கு 6 முதல் 7.5. எல்லையின் ஒடுங்கிய பக்கத்தில் நில்லுங்கள். காற்றைக் குறைத்தால் ஒடுங்கிய ரிம்தான் டயரின் விளிம்பை இறுக்கிப் பிடிக்கும், கல்லும் ரிம்மைத் தொடாது. அகன்ற ரிம்மில் டயர் விரிந்து, ரிம்மின் உதடு வெளியே தெரியும்.

ஐந்தாவது, நட். ஹைலக்ஸ், எல்200, டி-மேக்ஸ் 12×1.5 மரை, நவாரா, ஜிம்னி 12×1.25. கையால் இரண்டு சுற்றுக்கு மேல் போகாமல் இறுகினால் மரை மாறியிருக்கிறது, சாவியால் இழுக்காதீர்கள். சில கம்பனி அலாய் ரிம்களுக்குத் தட்டையான வாசர் உள்ள நட் வரும். வெளியில் வாங்கும் ரிம்களுக்குக் கூம்பு நட் வேண்டும். தட்டை நட்டைக் கூம்புத் துளையில் இறுக்கினால் அது ஒருநாளும் இறுக நிற்காது.

இரும்பா அலாயா? வட்டைக்கும் காட்டுக்கும் இரும்பு ரிம் நம்பிக்கையானது. வளைந்தால் கராஜில் தட்டி ஓடலாம். அலாய் வெடித்தால் முடிந்தது. ஆனால் வாகரை, பாணமைக் கடலோரத்திலும் களப்போரத்திலும் உவர் இரும்பை அரிக்கும். டயர் உட்காரும் விளிம்பில் துரு ஏறினால் காற்று மெல்ல இறங்கும். டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பைக் கம்பித் தூரிகையால் சுரண்டி பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள்.

உரசுமா என்று வாங்க முன் அளத்தல்

1. சமதரையில் வாகனத்தை நிறுத்தி, ஸ்டேரிங்கை நேராக வையுங்கள். இப்போதுள்ள டயரிலிருந்து முன்னால் உள்ள பம்பர் லைனர், பின்னால் உள்ள மவுண்ட், மேலே மட்காட், உள்ளே சஸ்பென்சனின் மேல் கை (ஆம்) ஆகிய நான்கு இடைவெளிகளையும் எழுதுங்கள்.

2. ஸ்டேரிங்கை முழுதாக இடம் ஒடித்து அதே நான்கையும் அளவுங்கள், பிறகு வலம். மிகச் சிறிய எண்ணைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

3. ஒரு முன் சில்லை மட்டும் ஒரு முழம் உயரமுள்ள உறுதியான மேட்டில் ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் முழுதாக ஒடித்து மீண்டும் அளவுங்கள். உரசல் வெளிப்படுவது இந்த நிலையில்தான். கடையில் சமதரையில் சுற்றிப் பார்த்து "உரசவில்லை" என்று சொன்ன வாகனம் முதல் வாய்க்காலில் லைனரைக் கிழிப்பது இதனால்தான்.

4. புதிய டயரின் உயரக் கூடுதலில் பாதியை முன், பின், மேல் இடைவெளிகளிலிருந்து கழியுங்கள். அகலக் கூடுதலில் பாதியை உள் இடைவெளியிலிருந்து கழித்து, ஓஃப்செட் கணக்கைச் சேருங்கள்.

5. மிச்சம் எல்லா இடத்திலும் 20 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். தார் ரோட்டுக்கு 10 போதும். மாரியில் டயரின் மேல் களி அப்பிக்கொண்டு சுற்றும். இடைவெளி இல்லாவிட்டால் களி இறுகி லைனரையும் பிறேக் குழாயின் பிடியையும் பிடுங்கும்.

உயர்த்தும் கிற் போட்டால் இந்தக் கணக்கு மாறும் என்று நினைக்கலாம். நிற்கும் நிலையில் மாறும். ஆனால் சில்லு முழுதாக மேலே அடிக்கும்போது அது போய் நிற்கும் இடத்தை முடிவு செய்வது பம்ப் ஸ்டொப் ரப்பர். ரப்பர் அதே உயரத்தில் இருந்தால், இரண்டு அங்குலம் உயர்த்திய வாகனத்திலும் சில்லு பழைய இடத்துக்கே வந்து மோதும்.

பல்லும் வலிமையும்

எச்.டி. தாருக்கு, ஏ.டி. எல்லாவற்றுக்கும், எம்.டி. சேற்றுக்கு. மட்டக்களப்பு, அம்பாறையில் ஓடும் பெரும்பாலான வாகனங்களுக்கு ஏ.டி.தான் விடை. களியை உதறித் தள்ளும் அகன்ற இடைவெளி வேண்டும். கையின் சின்னவிரல் பல்லுக்கிடையில் தாராளமாகப் போகும் ஏ.டி. ஒன்றைப் பாருங்கள். நெருக்கமான பல் உள்ள டயர் களியில் இரண்டு சுற்றுக்குள் மொழுமொழுவென்று வழவழப்பாகிவிடும்.

எம்.டி. சேற்றில் ஒப்பற்றது. ஈரத் தாரில் பிறேக் பிடிக்க நீண்ட தூரம் வேண்டும், மணலில் சில்லைச் சுற்றவிட்டால் குழி தோண்டித் தன்னைத்தானே புதைத்துக்கொள்ளும். தினமும் வட்டைக்குள் இறங்கும் வாகனத்துக்கு மட்டும் போடுங்கள்.

அளவுக்கு முன்னால் எல்.டி. என்று இருந்தால் அது பாரவண்டி வகை, தடித்த பக்கச்சுவர். கல் நிலத்துக்கும் சுமைக்கும் நல்லது. ஆனால் அதே சுமையைத் தாங்க அதற்குக் காற்று கூட வேண்டும்: சாதாரண டயருக்கு 30 பி.எஸ்.ஐ. போட்ட இடத்தில் 35 முதல் 38 வரை. கதவுத் தூணில் ஒட்டியுள்ள எண் கம்பனி டயருக்கு உரியது, எல்.டி. டயருக்கு அதையே போட்டால் குறைவு.

கடையில்

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் தேடுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்து டயரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் செய்தவையாக இருக்கட்டும். பாவித்த டயர் என்றால் பல் எவ்வளவு மிச்சம் என்பதைவிடப் பக்கச்சுவரில் வெடிப்பு, உள்ளே ஒட்டுத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு, ஏழு வருடம் வெயிலில் கிடந்த ரப்பருக்குப் பல் நிறைய இருந்தாலும் பிடிப்பு இல்லை.

ஐந்து என்று சொன்னது வேண்டுமென்றே. மாற்றுச் சில்லு பழைய அளவில் கிடந்தால் வாகனம் ஊனம்தான். நான்கு சில்லும் பூட்டி ஓடும்போது ஒன்று மட்டும் 3 வீதம் சிறிதாக இருந்தால், அந்த வித்தியாசம் முழுவதும் டிபரன்சியலிலும் டிரான்ஸ்பர் கேஸிலும் முறுக்காக ஏறும். புதிய அளவு மாற்றுச் சில்லு வைக்கும் இடத்தில் ஏறுமா என்றும் அன்றே பாருங்கள். சேசியின் அடியில் தொங்கும் வகையில் அகன்ற டயர் சைலன்சரைத் தொடுவதுண்டு.

நட்டை நட்சத்திர வரிசையில் இறுக்கச் சொல்லுங்கள். காற்றுத் துப்பாக்கியால் முடித்துவிட விடாதீர்கள். கடைசி இறுக்கம் டோர்க் சாவியால், வாகனக் கைநூலில் உள்ள அளவுக்கு. வீட்டுக்கு வந்து 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். புதிய ரிம்மில் பெயின்ட் அமுங்கி நட் தளர்வது வழமை. எலைன்மென்ற் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் அளவு மாற்றியதை அறிவித்து எழுத்தில் பதில் வாங்குங்கள்.

காற்று

இரண்டு தொன் அளவுள்ள டபிள் கெப், 265/70ஆர்16, பின்னால் பாரம் இல்லை என்று வைத்துத் தொடங்கும் எண்கள் இவை; எல்லாம் பி.எஸ்.ஐ.யில், டயர் குளிர்ந்திருக்கும்போது. தார் 30 முதல் 35. கரடுமுரடான கிரவல் 26 முதல் 28, வேகம் 60க்குள். சேறு 20 முதல் 24. மணல் 16 முதல் 18, வேகம் 30க்குள். புதைந்துவிட்டால் 12 முதல் 14 வரை இறக்கி, ஸ்டேரிங்கை ஒடிக்காமல் நேராக மெல்ல வெளியே வாருங்கள். 15க்குக் கீழே திடீரென்று ஒடித்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். பின்னால் பாரம் இருந்தால் பின் டயரை இவ்வளவு இறக்காதீர்கள்.

பாணமை தாண்டி உகந்தைப் பக்கம் போகிறவர்கள் மணலில் புதைந்த பிறகு காற்றிறக்குவதைவிட, மணல் தொடங்கும் இடத்திலேயே இறங்கி நான்கு டயரிலும் இறக்கிக்கொண்டு போவது நல்லது. ஆனால் திரும்பித் தாரில் ஏற முன் காற்று அடிக்க வேண்டும், விதிவிலக்கே இல்லை. 18இல் ஓட்டிக்கொண்டு வெயிலில் 80இல் வந்தால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து கொதித்து உள்ளேயே அறுந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது, வெடிப்பது அடுத்த வாரம். பேட்டரியில் பிடிக்கும் கம்பிரசரும் காற்றளக்கும் கேஜும் இல்லாமல் மணலுக்குப் போக வேண்டாம்.

தாருக்கான சரியான காற்றைக் கண்டுபிடிக்கச் சோக்கட்டி போதும். பல்லின் குறுக்கே ஒரு கோடு போட்டு நேராக இருபது மீற்றர் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று கூட, ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. இன்னொரு சோதனை: குளிர்ந்த டயரில் அளந்து, வழமையான பாரத்தோடு அரை மணித்தியாலம் தாரில் ஓடி மீண்டும் அளவுங்கள். நான்கு பி.எஸ்.ஐ. அளவு ஏறியிருந்தால் சரி. ஆறு, ஏழு ஏறியிருந்தால் டயர் மடிந்து சூடேறுகிறது. தொடக்கக் காற்றைக் கூட்டுங்கள்.

மாரியில் ரோட்டுக்கு மேல் வெள்ளம் பாயும்போது உயர்ந்த டயர் தைரியம் தரும். அந்தத் தைரியத்தை நம்பாதீர்கள். எவ்வளவு ஆழம் தாங்கும் என்பதை முடிவு செய்வது என்ஜின் காற்றிழுக்கும் வாய் இருக்கும் உயரம். பெரிய டயருக்குள் இருக்கும் காற்றோ ஓடும் நீரில் வாகனத்தை இன்னும் இலேசாக மிதக்கவைக்கும்.

வட்டையிலிருந்தோ களப்போரத்திலிருந்தோ திரும்பினால் அன்று மாலையே ரிம்மின் உள்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அங்கே ஒரு பக்கமாகக் காய்ந்து நிற்கும் களி பலன்ஸைக் கெடுத்து, மறுநாள் காலை தாரில் ஏறியதும் ஸ்டேரிங்கை ஆட்டும். டயரில் பிழை என்று எண்ணிக் கடைக்குக் கொண்டுபோக முன் முதலில் அதைச் சுரண்டிப் பாருங்கள். எட்டு முதல் பத்தாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுச் சில்லையும் சேர்த்து ஐந்தையும் இடம் மாற்றிப் பூட்டுங்கள். திசைக் குறி உள்ள பல் என்றால் பக்கம் மாற்றாமல் முன்பின் மட்டும் மாற்றுங்கள். அந்த வகையில் மாற்றுச் சில்லு ஒரு பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், அதையும் வாங்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.